பிளவ் லேன் கால்பந்து அரங்கில் அப்பாவோடு ஆட்டம் பார்க்க நுழைவுச்சீட்டு: விவரம் தேவை

உறவுகளுக்கு வணக்கம். நாங்கள் தென் இலண்டனில் டூட்டிங்கில் வசிக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் என் அப்பாவையும் 9 வயது மகனையும் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கால்பந்துக் கழகத்தின் ஆட்டத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பழைய விம்பிள்டன் கழகம் வேறு நகரான மில்டன் கீன்ஸுக்கு இடம்பெயர அனுமதிக்கப்பட்டபோது, கைவிடப்பட்ட இரசிகர்களே 2002இல் தொடங்கி, 9 ஆண்டுகளில் 5 முறை மேல் பிரிவுக்குத் தரமுயர்ந்து, 2020இல் பழைய அரங்கு இருந்த பிளவ் லேன் தெருவுக்கே மீண்டு வந்த கழகம் இது என்பதால் அப்பாவுக்கு அதன்மேல் தனிப் பிரியம். சொந்த இடத்தை இழந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

துரையப்பா விளையாட்டரங்கில் ஆட்டம் பார்த்து வளர்ந்த அவர், இப்போது ஊன்றுகோலோடு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் ஊன்றி நின்ற பிறகே அடுத்த படி ஏறுகிறார். ஆகவே, நின்று பார்க்கும் பகுதியைத் தவிர்த்து, அதிகம் ஏறத் தேவையில்லாத 3 இருக்கைகள் அடுத்தடுத்து எந்தப் பக்கத்தில் கிடைக்கும்? ஏறத்தாழ 9,000 பேருக்கான அரங்கில் முன்னுரிமை உள்ளவர்கள் வாங்கிய பிறகும் இடம் மிஞ்சுமா, முதியோர், சிறுவர் கட்டணத்துக்கு வாயிலில் வயதுச் சான்று கேட்பார்களா என்பதையும் சென்று வந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டங்கள் இங்கே தொலைக்காட்சியில் நேரலையாக வருவதில்லை. அப்பா ஊர் திரும்புவதற்குள் ஒன்றையாவது நேரில் காட்டிவிட வேண்டும்.