மறு: டிரிம் என்பதற்குத் தமிழ்ச் சொல் – ‘கோட்டம் எடுத்தல்’ சரிவருமா?

நண்பர்களே,

‘டிரிம்’ (trim) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டு இழையைத் தொடங்கிவைத்துவிட்டுப் பத்து நாளாக ஆளைக் காணோம் என்று ஐயா கேட்டிருந்தார், மன்னிக்கவும். இதுவரை வந்த சொற்கள்: சீராக்கி, நுண்திருத்தி, சமன்குமிழ், தடைகட்டி, முச்சை. ‘நறுக்கி’ என்று எழுதியவர் விளையாட்டுக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன். (தெரியாதவர்களுக்கு: ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லின் மூலப்பொருள் ஒழுங்கு செய்தல்தான், வெட்டுவதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது.) ஒவ்வொன்றையும் பற்றிச் சொல்வதற்கு முன்னால், ரிமோட் ஹெலிகாப்டரின் டிரிம் குமிழுக்கு எனக்கு ஏன் ஒரு சொல் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதை முடிவெட்டும் கருவி என்று நினைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறீர்கள்.

போன மாதம் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கினேன். அக்காள் மகனுக்கு என்பது வீட்டில் சொன்ன காரணம். 900 ரூபாய் சொன்னார், 650க்குப் படிந்தது. ஒரு சாண் நீளம், தகர உடம்பு, தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி இறக்கை, வாலில் மேல்நோக்கிப் பார்த்தபடி ஒரு குட்டி இறக்கை. முக்கால் மணி நேரம் சார்ஜ் போட்டால் ஆறேழு நிமிஷம் பறக்கும். அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வதால் மொட்டைமாடி வெயிலில் ரிமோட் சொல்வது அதன் காதில் ஏறாது, கூடத்தில்தான் விட வேண்டும், அதுவும் ஃபேனை நிறுத்திவிட்டு.

ரிமோட்டின் குச்சியை மெல்ல மேலே தள்ளினேன். முழங்கால் உயரம் வந்தது, வந்த வேகத்தில் பம்பரம் மாதிரி இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது, நான் குச்சியை எந்தப் பக்கமும் தொடவே இல்லை, திரைச்சீலையில் மோதி டிவிக்குப் பின்னால் போய் விழுந்தது. நாலு தரம் இதே கதை. கடைக்குப் போன் செய்தால் “பாத்து ஓட்டுங்க சார்” என்றார்கள். மோசம் போய்விட்டோம் என்று பெட்டியில் திருப்பி அடுக்கும்போதுதான் பையன் ரிமோட்டின் நடுவில் இருந்த சின்னக் குமிழைக் காட்டி, “மாமா, இது எதுக்கு?” என்றான். கூட வந்த தாளில் அதற்கு எழுதியிருந்த ஆங்கிலத்தை முதலில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். சரி, திருகித்தான் பார்ப்போமே என்று வலப்பக்கம் ஒரு கால்சுற்றுத் திருகினோம். டீப்பாய்க்கு மேலே அப்படியே நின்றது, மூக்கு ஜன்னலைப் பார்த்தபடி. உள்ளேயிருந்து அம்மா, “என்னடா அங்கே, கொசு கத்துற மாதிரி?” என்றாள். ஈழத்து நண்பர்கள் ஹெலிகாப்டரை உலங்கு வானூர்தி என்று சொல்வதை நினைத்துக்கொண்டேன். அகராதியில் உலங்குக்குக் கொசு என்ற பொருள் உண்டு, அம்மாவுக்கு அது தெரியாது.

குமிழ் என்ன செய்கிறது என்றால், மேல் இறக்கை ஒரு திசையிலும் கீழ் இறக்கை எதிர்த்திசையிலும் சுற்றுகின்றன. ஒன்று உடம்பை இடப்பக்கம் திருப்பப் பார்க்கும், மற்றது வலப்பக்கம். இரண்டும் சமமாக இருந்தால் உடம்பு நேராக நிற்கும். நம் கடற்படையிடம் இருக்கும் ரஷ்யக் காமோவ் ஹெலிகாப்டர்களும் இப்படி இரட்டை அடுக்குத்தான், அதனால்தான் அவற்றின் வாலில் பக்கவாட்டு விசிறி கிடையாது. பொம்மையில் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். மலிவு மோட்டார் இரண்டு ஒரே மாதிரி சுற்றுமா? சுற்றாது. குச்சியை நடுவில் விட்டாலும் ஒரு பக்க இழுப்பு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்துக்குச் சரியாக எதிர் அளவை நிரந்தரமாகக் கூட்டி வைப்பதுதான் இந்தக் குமிழின் வேலை. ஓட்டுவது வேறு, இது வேறு. இந்த வேறுபாடு சொல்லில் தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி. சீராக்கியும் நுண்திருத்தியும் ரேடியோ குமிழுக்கும் பொருந்தும், நுண்ணோக்கிக் குமிழுக்கும் பொருந்தும், ஆகவே எதற்கும் பொருந்தாது. சமன்குமிழை ஸ்டீரியோக்காரர்கள் எடுத்தாயிற்று.

முச்சை அழகான சொல். பட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் யாழ்ப்பாணத்தில் முச்சையைத்தான் பார்ப்பார்கள் என்று நண்பர் எழுதியது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் முச்சை, பட்டத்தை நூலோடு இணைக்கத் தரையிலேயே கட்டி முடித்துவிடுகிற கயிறு. பட்டம் ஏறிய பிறகு அதைத் தொட முடியாது, இறக்கித்தான் மாற்ற வேண்டும். குமிழைப் பறக்கும்போதே திருகலாம், திருகவும் வேண்டும். தடைகட்டி இன்னும் நெருக்கம். எண்ணெய்க் கடையில் தூக்குவாளியின் எடையை முதலில் ஈடுகட்டிவிட்டு அப்புறம் ஊற்றுவார்களே, அதுதான் தடை கட்டுதல், தர்க்கம் அச்சு அசல் இதேதான். ஆனால் இன்றைக்குத் ‘தடைக் குமிழ்’ என்று எழுதினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிரேக் என்று படிப்பார்கள். மனசு கேட்காமல்தான் விடுகிறேன்.

இனி என் சொல். சைக்கிள் சக்கரம் வளைந்துபோனால் கடையில் என்ன சொல்வார்கள்? “கோட்டம் எடுக்கணும்.” எங்கள் தெருமுனைக் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடிப்பார், எந்த இடம் வெளியே பிதுங்கியிருக்கிறதோ அங்கே வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்து ஸ்போக்கில் ஒரு பக்கம் கால்சுற்று முறுக்கு, எதிர்ப்பக்கம் கால்சுற்றுத் தளர்வு, மறுபடி ஒரு சுற்று. நானும் பையனும் அந்தக் குமிழை வைத்துக்கொண்டு செய்தது வேறென்ன?

கோட்டம் என்றால் வளைவு, ஒரு பக்கச் சாய்வு. நடுவுநிலைமை அதிகாரத்தில் சொற்கோட்டம், உட்கோட்டம் இரண்டும் ஒரே குறளில் வருகின்றன. ஆகவே என் பரிந்துரை: வினைக்குக் கோட்டம் எடு, குமிழுக்குக் கோட்டத்திருகு. வள்ளுவர் கோட்டம், வருவாய்க் கோட்டம் என்று குழம்பாதா என்றால், ஹெலிகாப்டர் ரிமோட்டில் யாரும் வருவாய்க் கோட்டத்தைத் தேடப்போவதில்லை.

ஐயா தனிமடலில் ஒரு மறுப்பு எழுதியிருந்தார், அது கனமானது. சைக்கிளில் கோட்டம் எடுத்தால் குறை போய்விடுகிறது, இங்கே மோட்டாரின் குறை அப்படியே இருக்க எதிர்விசை கொடுத்து மறைக்கிறோம், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று. நானும் யோசித்தேன். ஸ்போக்கை முறுக்குவதும் ஒரு பக்க இழுப்புக்கு எதிர் இழுப்புக் கொடுப்பதுதானே. அடுத்த பள்ளத்தில் விட்டால் மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும். பொம்மையிலும் சார்ஜ் இறங்க இறங்கத் திருகை மறுபடி தொட வேண்டியிருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கே திருப்தியில்லை. நாலு இறக்கை டிரோன்களில் குச்சியைச் சுற்றி இதற்கென்று நாலு பொத்தான்கள் இருக்கும். முன்கோட்டம், பின்கோட்டம், இடக்கோட்டம், வலக்கோட்டம் என்று பெயர் வைத்தால், இடக்கோட்டம் இடப்பக்கச் சாய்வைப் போக்குவதா, இடப்பக்கம் சாய்ப்பதா? இதற்கு யாராவது வழி சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் கோட்டம் எடு, கோட்டத்திருகு இரண்டை மட்டும் அடுத்த ஞாயிறு விக்சனரியில் (இணையத்தின் திறந்த அகராதியில்) ஏற்றிவிடுகிறேன்.

பி.கு.: வால் இறக்கை நேற்று உடைந்துவிட்டது. பெட்டியிலேயே ஒன்று உபரியாக வைத்திருக்கிறார்கள், அனுபவஸ்தர்கள்.