புதுப் போஸ்டருக்குப் பழைய அழுக்கு எதற்கு?

மைக்கறை:
இப்போது எந்தப் போஸ்டரைப் பார்த்தாலும் மஞ்சள் தாள், விலகி நிற்கும் சிவப்பு, தேய்ந்த எழுத்து. கணினியில் ஒரு சொடுக்கில் போட்டுவிட்டு 'விண்டேஜ்' என்கிறார்கள். அந்தக் காலத்து அச்சகத்தில் இதெல்லாம் கழித்துப்போட்ட தாள். கல்லில் படம் வரைந்து அச்சிடும் கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல். நிறம் மயிரிழைகூட விலகாமல் தாளைப் பொருத்த அவர்கள் படாத பாடு பட்டார்கள். மஞ்சள் என்பது, மலிவான மரக்கூழ்த் தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெயிலும் காற்றும் பட்டு நிறம் மாறுவது. சுவரில் ஒட்டிய அன்று யாரும் அந்த மஞ்சளைப் பார்த்ததில்லை.

போஸ்டர்பித்தன்:
சரி, பாடு பட்டார்கள். அதற்காக எல்லாக் கறையும் தவறாகிவிடுமா? பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் பல் துலக்கும் பிரஷ்ஷில் மையை எடுத்துக் கல்லின் மேல் வேண்டுமென்றே தெறிக்கவிட்டவர். பாரிஸின் கேளிக்கை அரங்கு மூலான் ரூஜுக்கு அவர் செய்த போஸ்டர் வந்த அதே 1891-இல், ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் லண்டனில் அச்சகம் தொடங்கினார். 15-ஆம் நூற்றாண்டில் வெனிஸில் ஜென்சன் என்ற அச்சுக்காரர் அச்சிட்ட எழுத்தைப் புகைப்படத்தில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் தன் எழுத்தை வரைந்தார். அவரும் போலியா?

மைக்கறை:
மோரிஸை இழுக்காதீர்கள். அவர் எடுத்தது எழுத்தின் வடிவத்தை. பூச்சி அரித்த ஓட்டையையும் சேர்த்தா வரைந்தார்?

ஈயஎழுத்து:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இன்று லெட்டர்பிரஸ், அதாவது மை தடவிய மேடெழுத்தைத் தாளில் அழுத்தும் அச்சு, என்றால் எழுத்து தாளில் குழிந்திருக்க வேண்டும், விரலால் தடவிப் பார்க்கிறார்கள். பழைய அச்சுக்காரரிடம் காட்டினால் 'அழுத்தம் ஜாஸ்தி' என்று திட்டுவார். எழுத்து தாளை முத்தமிடுவதுபோல் தொட்டு மையை மட்டும் விட்டு வர வேண்டும், பின்பக்கம் விரலில் தட்டக் கூடாது. ஓங்கி அழுத்தினால் ஈய எழுத்தும் சீக்கிரம் தேயும்.

இன்னொன்று: தொலைபேசி எண் புத்தகத்துக்காக எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் 1978-இல் செய்த பெல் சென்டென்னியல் என்ற எழுத்துரு. பொடி எழுத்து, மட்டமான தாள், மை பரவும். அதனால் கோடுகள் கூடும் மூலைகளில் சின்ன வெட்டு விட்டார், பரவும் மை அதை நிரப்பிவிடும். இப்போது அந்த மாதிரி வெட்டுகளைத் திரையில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி அழகு பார்க்கிறார்கள். நிரப்ப அங்கே மை ஏது?

போஸ்டர்பித்தன்:
எனக்கு அந்த வெட்டு பிடிக்கும். காரணம் போன பிறகும் வடிவம் நின்றுவிட்டுப் போகட்டுமே.

மைக்கறை:
நிற்கட்டும். வெட்டு ஒருவர் யோசித்து வைத்தது. மஞ்சள் யாரும் வைக்காதது. இரண்டையும் ஒரே பொத்தானில் அடைப்பதுதான் எரிச்சல்.

போஸ்டர்பித்தன்:
அப்போ லோத்ரெக்கின் தெறிப்பு?

மைக்கறை:
அதை ஒப்புக்கொள்கிறேன். மஞ்சளை மட்டும் விடமாட்டேன்.