பழைய வண்டியை எவன் தூக்கப் போகிறான் என்று இருந்தேன்

திருச்சி, மாருதி 800 (1998 மாடல்)

போன ஐப்பசியில் நடந்தது. காலை ஐந்தரைக்குப் பால் வாங்கக் கதவைத் திறந்தால் வாசலில் வண்டி இல்லை. இரவெல்லாம் தூறல். தெரு முழுக்க நனைந்திருக்க, வண்டி நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாகக் காய்ந்து கிடந்தது. நடுவில் ஆயில் சொட்டிய கறை. தம்பி எடுத்துப் போயிருப்பான் என்றுதான் முதலில் தோன்றியது. அவன் மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனில் ஏட்டு கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குப் போச்சு?" அந்தக் காய்ந்த இடத்தைச் சொன்னேன். தூறல் மூன்று மணிக்கு மேல்தான் விட்டது என்று எதிர்வீட்டுத் தாத்தா சொல்லியிருந்தார். அதுவரை மழைக்குக் குடை பிடித்தபடி வண்டி அங்கேயேதான் நின்றிருக்கிறது. ஏட்டு நிமிர்ந்து பார்த்து, "பரவாயில்லையே சார்" என்றார். அன்றைக்குக் கிடைத்த லாபம் அந்தப் பாராட்டும் புகார் கொடுத்ததற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதும்தான்.

எப்படிப் போனது என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, அதுதான் கொடுமை. ஆறேழு வருஷத்துக்கு முன் அப்பாவும் நானும் பெரியகடை வீதிக்குப் போய்விட்டுத் திரும்பினோம். வெள்ளை 800, கதவைத் திறந்தார், உட்கார்ந்தார், ஸ்டார்ட்டும் செய்தார். டேஷ்போர்டில் எங்கள் சமயபுரத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் வேளாங்கண்ணி மாதா. எங்கள் வண்டி இரண்டு வண்டி தள்ளி நின்றது! அப்பா இறங்கிய வேகத்தை வீட்டில் பல வருஷம் சொல்லிச் சிரித்தோம். எங்கள் சாவியும் தேய்ந்திருந்தது, அவர்கள் பூட்டும் தேய்ந்திருந்தது. அவர்கள் வண்டி எங்களுக்குத் திறக்கும் என்றால் எங்கள் வண்டியும் எவனுக்கும் திறக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் விராலிமலை தாண்டி நாலுவழிச் சாலை ஓரத்தில் கிடைத்தது. பேட்டரி, ஸ்டெப்னி, ஸ்டீரியோ, ஜாக்கி எல்லாம் காலி. முன்பக்கம் நான் போட்டிருந்த இரண்டு புது டயரைக் கழற்றிவிட்டு வழுக்கை டயர் மாட்டியிருந்தான். கிடைத்ததும் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வழக்குச் சொத்து அது. கோர்ட்டில் மனு போட்டு, ஜாமீன் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க முடிந்தது. மூன்று வாரம் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நின்றது. இன்சூரன்ஸ் வெறும் தேர்டு பார்ட்டி, ஒரு பைசா வரவில்லை.

உங்களிடம் பழைய வண்டி இருந்தால் என்ன செய்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். யாராவது அனுபவப்பட்டிருந்தால் அதையும்.

கும்பகோணம், அம்பாசடர் (1986)

எங்கள் அப்பா கண்டுபிடித்த பூட்டு உலகத்திலேயே மலிவானது. ராத்திரி பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பைத் தட்டிவிட்டு, உள்ளே இருக்கிற ரோட்டரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கட்டைவிரல் அளவு சாமான். அது இல்லாமல் எந்தப் பிளக்குக்கும் கரண்டு போகாது. ஸ்டார்ட்டர் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு தடவை நிஜமாகவே வந்தார்கள். காலையில் பார்த்தால் வண்டி இரண்டடி முன்னால் நகர்ந்திருந்தது, பானெட் பாதி திறந்து கிடந்தது, பேட்டரி செத்திருந்தது. மூடியைக்கூடத் திறந்து பார்த்திருக்கிறார்கள். கையோடு ஒரு ரோட்டரைப் பையில் கொண்டுவருகிற திருடன் கும்பகோணத்தில் இல்லை போலிருக்கிறது.

கஷ்டமும் உண்டு. அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தச் சட்டை சலவைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி கிளம்பவில்லை. இதற்கு மேல் எழுதினால் அக்கா திட்டுவாள்.

கோயம்புத்தூர், ஜென் (2003)

ரோட்டர் வித்தை பழைய கார்புரேட்டர் வண்டிக்குச் சரிங்க. எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கிற) வண்டியில் பெட்ரோல் பம்ப் எலக்ட்ரிக்; டேங்குக்குள் இருக்கும். அந்தப் பம்ப் ரிலேக்குப் போகிற ஒயரில் ஒரு ரகசிய சுவிட்ச் போட்டிருக்கிறேன். பைப்பில் மிச்சமிருக்கிற பெட்ரோலில் வண்டி கிளம்பும், கொஞ்ச தூரம் போகும், மூச்சடைத்து நின்றுவிடும். இதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வீட்டு வாசலில் கிளம்பவே இல்லை என்றால் அவன் நிதானமாக உட்கார்ந்து ஒயரைத் தேடுவான். நடுத்தெருவில், பின்னால் ஒரு பால் வண்டி ஹாரன் அடிக்கும்போது நின்றால் தேட மாட்டான். என் வண்டி அப்படித்தான் தெருமுனைப் பேக்கரி வாசலில் கதவு திறந்தபடி நின்றது.

இரண்டு எச்சரிக்கை. சுவிட்சை ஸ்டீரிங்குக்குக் கீழே வைக்காதீர்கள். எல்லா எலக்ட்ரீஷியனும் அங்கேதான் வைப்பார், திருடனும் முதலில் அங்கேதான் கையை விடுவான். அப்புறம், கண்ட இடத்தில் மெல்லிசு ஒயரை முறுக்கி டேப் சுற்றி விடுகிறவரிடம் கொடுக்காதீர்கள். ஓடும்போது லூஸ் ஆனால் பைபாஸ் நடுவில் வண்டி நிற்கும், ஒயர் சூடானால் தீயே பிடிக்கும். சரியான தடிமன் ஒயர், ஃபியூஸ், சால்டர் வைத்த இணைப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். காந்திபுரம் சிக்னலில் நின்றுவிட்டது. அந்தப் போன் கால் பற்றி வேண்டாம்.

மதுரை, ஈக்கோ

வண்டி பத்திரமாக நிற்கும், சைலன்சர் மட்டும் போகும், அந்தக் கதை யாருக்காவது தெரியுமா? காலையில் ஸ்டார்ட் செய்தால் டிராக்டர் மாதிரி ஒரு சத்தம். அதில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கிறதாம். அடியில் உயரமாக இருப்பதால் படுத்துப் போல்ட்டைக் கழற்ற வசதி. இப்போது போல்ட் தலையில் வெல்டிங் வைத்துவிட்டேன். சர்வீஸ்காரர் திட்டுகிறார், திட்டட்டும்.

சேலம், இன்சூரன்ஸ் வேலை பார்க்கிறவன்

வண்டி திருடு போனால் வெறும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸில் பணம் வராது; திருட்டுக்கும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போடுகிற மதிப்பு) எவ்வளவு என்பதைக் கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்கிறீர்கள். அதனால் முதலில் சொல்கிற குறைந்த தொகைக்குத் தலையாட்டாதீர்கள். ஏ.ஆர்.ஏ.ஐ. (வாகன ஆராய்ச்சிக் கழகம்) ஒப்புதல் உள்ள திருட்டுத் தடுப்புக் கருவி முறையாகப் பொருத்தியிருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 500 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனாலும் கேளுங்கள்.

கிளெய்ம் நேரத்தில் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று தொலைந்து நாலு வருஷம் ஆச்சு என்று அப்போது சொன்னால் வாக்குவாதம்தான். சாவி தொலைந்த அன்றே ஒரு புகார் கொடுத்து வையுங்கள். வண்டி போனால் எஃப்.ஐ.ஆர். உடனே போட வேண்டும். கம்பெனிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குச் சொல்வதில் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகக் கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி வாரக்கணக்கில் சும்மா இருக்காதீர்கள்.

ஒரிஜினல் ஆர்.சி.யை டேஷ்போர்டு பெட்டியில் வைக்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். திருடனுக்கு வண்டியோடு பத்திரமும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டினாலே செல்லும்.

வேலூர், சாண்ட்ரோ (2005)

இவ்வளவு எதற்கு? கியர் லாக் ஒன்று போட்டால் போதும். பன்னிரண்டு வருஷமாகப் போடுகிறேன். கண்ணாடி வழியாகப் பார்த்தாலே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், அவன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

கோயம்புத்தூர், ஜென் (2003)

அந்த அடுத்த வண்டி என்னுடையதாக இருந்தால்?

வேலூர், சாண்ட்ரோ (2005)

நீங்கள்தான் சுவிட்ச் வைத்திருக்கிறீர்களே! ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜி.பி.எஸ். மாட்டியிருந்தார். சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்து ஐந்து மாசம். வண்டி போன அன்று மொபைலில் பார்த்தால் அது அவர் வீட்டு வாசலிலேயே நிற்பதாகக் காட்டியது. கவரும் அப்படித்தான். தூசி படாமல் இருக்க மாசக்கணக்கில் போர்த்தி வைத்தார், அதற்குள்ளே புகுந்து ஒருத்தன் நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறான். தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

திருச்சி, மாருதி 800 (1998 மாடல்)

எல்லோருக்கும் நன்றி. செய்தது என்னவென்றால், இக்னிஷன், கதவு, டிக்கி எல்லாவற்றுக்கும் புது லாக் செட் மாற்றிவிட்டேன். பழைய சாவியைப் போட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை. அப்பா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். வாரத்தில் இரண்டு நாள் சும்மா எடுத்து ஒரு சுற்றுப் போகிறேன். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற வண்டியைத்தான் நோட்டம் விடுகிறார்கள் என்று ஏட்டு சொன்னார்.

கோவை நண்பர் சொன்ன மாதிரி ரகசிய சுவிட்சும் போட்டாயிற்று. என்னுடையது கார்புரேட்டர் என்பதால் பிளக்குக்குக் கரண்டு தருகிற இக்னிஷன் காயிலுக்குப் போகிற ஒயரில். நேற்று ஆயில் மாற்ற வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் சுவிட்சையும் தட்டிவிட்டு வந்துவிட்டேன். மத்தியானம் மெக்கானிக் போன் செய்தார். "சார், அரை மணி நேரமா அடிக்கிறேன், கிளம்பல. காயில் போச்சு."

நான் போய்ச் சேர்வதற்குள் புதுக் காயில் வாங்கப் பையன் கடைக்குக் கிளம்பிவிட்டான்.