பால்வெட்டுத் தொழிலாளர் முதுகுவலி: கட்டுரை தேட உதவுங்கள்

வணக்கம். வீடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். எம்.எஸ்சி நர்சிங் படிக்கிறேன். ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் முதுகுவலி, தோள்வலி பற்றித்தான் டிசர்டேஷன். அப்பாவும் பால்வெட்டுதான். விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார். பட்டை கீழே வெட்டவேண்டிய மரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டும், அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுக்க இன்னொரு சுற்று. திரும்பி வந்து சாயா குடிக்கும்போது ஒரு கை இடுப்பில்தான் இருக்கும்.

சிக்கல் தேடலில். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் வெறும் 'ரப்பர்' என்று போட்டால் கையுறை, லேடெக்ஸ் அலர்ஜி என்று கொட்டுகிறது. 'ரப்பர் டேப்பர்' என்று மேற்கோள் குறிக்குள் போட்டால் தாய்லாந்து, இலங்கைக் கட்டுரைகள் கொஞ்சம் கிடைக்கின்றன. மெஷ் சொற்களில் (பப்மெடின் தலைப்புச் சொற்கள்) 'லோ பேக் பெயின்' (இடுப்புவலி), 'அக்ரிகல்சுரல் வொர்க்கர்ஸ் டிசீசஸ்' (விவசாயத் தொழிலாளர் நோய்கள்) இரண்டையும் 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') போட்டுச் சேர்த்தேன். வயல்வேலைக் கட்டுரைகளும் கூடவே வந்துவிட்டன. இதைச் சுருக்குவது எப்படி?

நம் மாவட்டத்திலோ கேரளத்திலோ செய்த ஆய்வு ஏதாவது தெரியுமா? இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இருக்கும் ஷோத்கங்கா தளத்தில் பார்த்தேன், அங்கே பிஎச்.டி ஆய்வேடுகள்தான் பெரும்பாலும். முதுகலை ஆய்வேடுகள் கல்லூரி நூலக அலமாரியிலேயே தூங்குகின்றன, அதுதான் வருத்தம்.

இன்னொன்று. கைடு மேடம் பிரிஸ்மா 2020 படம் (எத்தனை கட்டுரை கிடைத்தது, எத்தனையை விலக்கினோம், எத்தனையை எடுத்தோம் என்று காட்டும் படம்) வரையச் சொல்கிறார். அது முறைசார் மீளாய்வுக்கானது, என்னுடையதோ சாதாரண சர்வே. உடம்பில் எங்கெங்கே வலி என்று கேட்க 1987-இல் வந்த நார்டிக் வினாத்தாளைத்தான் எடுத்திருக்கிறேன். இலக்கிய மீளாய்வு அத்தியாயத்துக்கு அந்தப் படம் தேவையா? நர்சிங், பிசியோதெரபி முடித்த அக்காமார், அண்ணன்மார் சொல்லுங்கள். நார்டிக் வினாத்தாளைத் தமிழில் பயன்படுத்தியவர்கள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.