கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள்

வீட்டு புரோக்கர் தம்பி போன கிழமையும் வந்தார். நல்ல பிள்ளை. எப்போது வந்தாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் விறாந்தைக்கு ஏறுவார். "அன்ரி, 14 பேர்ச் காணி. இரண்டு பிளாட் உங்களுக்கு, மிச்சத்துக்குக் காசு. லிஃப்ட் இருக்கும், செக்கியூரிட்டி இருக்கும், கண்டவன் நிண்டவன் எல்லாம் உள்ளே வர ஏலாது" என்றார். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது மனதில் கிடந்து உறுத்தியது. இந்த வீட்டுக்குள் வந்த கண்டவர் நின்றவர்களைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று அன்றிரவே கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. அப்பா 1960இல் வாங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓட்டுக் கூரை, சிவப்பு பொலிஷ் போட்ட சீமெந்துத் தரை, பின் வளவில் ஒரு கிணறு, ஒரு ஜம்பு மரம், மூன்று கல் வைத்த ஓர் அடுப்பு. காலையில் முதல் ரயில் போகும்போது அலுமாரிக்குள் இருக்கும் கண்ணாடிக் கிளாசுகள் மெதுவாகக் கிணுகிணுக்கும். அதுதான் எனக்கு எழும்பும் மணி. கடல் காற்றில் இரும்பு நிற்காது. இப்போது இருக்கும் கேற் மூன்றாவது. பூட்டுப் போடுவது இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான்.

எல்லாருக்கும் முதலில் போத்தல் நானாவைச் சொல்ல வேண்டும். பழைய போத்தலும் பேப்பரும் வாங்குகிறவர். "போத்தல் பத்தர!" என்று அவர் ஒழுங்கை முனையில் குரல் கொடுத்தால் எங்கள் குசினிவரை கேட்கும். மருதானையிலிருந்து நடந்தே வருவார். தோளில் சாக்கு, கையில் தராசு. மாதத்துக்கு ஒருமுறை அம்மா வீரகேசரி, தினகரன் எல்லாவற்றையும் கட்டி வைப்பார். நானா விறாந்தைப் படியில் குந்தி, தராசின் முள் நடுவுக்கு வந்து நிற்கும்வரை மூச்சுக்கூட விடாமல் பார்ப்பார்.

1971இல் ஒரு நாள் அம்மா போட்ட கட்டில், மண்ணிறக் கடித உறை ஒன்றும் சேர்ந்து போய்விட்டது. அதற்குள்தான் இந்த வீட்டின் உறுதிப் பத்திரம் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அப்பா தேடினார். வீடே தலைகீழானது. அம்மா சாமி அறையை விட்டு வெளியே வரவில்லை. நானா எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நாங்கள் கேட்டு வைக்கவே இல்லை. பத்து வருடமாக வீட்டுப் படியில் குந்தியிருந்த மனிதரின் வீடு எந்தத் தெருவில் என்று தெரியாமல் இருந்தோமே என்பது இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

நான்காம் நாள் வெயில் ஏறிய நேரம், குரல் கொடுக்காமல் கேற்றைத் தள்ளிக்கொண்டு நானா வந்தார். சாக்கு இல்லை. வெள்ளைச் சட்டை, தொப்பி. உறையை அப்பாவின் கையில் கொடுத்தார். நானாவின் மனைவி வீட்டில் இருந்து பேப்பர்ச் சரை ஒட்டிக் கடைகளுக்குக் கொடுப்பவர். உறுதியின் முதல் தாளைச் சரைக்கென்று எடுத்துப் பசையும் பூசிவிட்டாராம். நானாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தாளில் ஒட்டியிருந்த முத்திரையைப் பார்த்ததும், "புள்ள, இதுல முத்திரை கெடக்கு, வை கீழே" என்று கத்தியிருக்கிறார். பிறகு எந்த வீட்டுக் கட்டு அது என்று கண்டுபிடிக்க, உறை கிடந்த கட்டைப் பிரித்துப் பார்த்தாராம். எல்லாம் தமிழ்ப் பேப்பர். அவருடைய சுற்றில் தமிழ்ப் பேப்பர் போடும் வீடு ஏழெட்டு. இரண்டு வீட்டில் கேட்டுவிட்டு மூன்றாவதாக எங்களிடம் வந்திருக்கிறார்.

அப்பா ஐம்பது ரூபாய் எடுத்து நீட்டினார். அந்தக் காலத்தில் அது பெரிய காசு. நானா வாங்கவில்லை. "இந்தக் கடுதாசியையும் சேத்துத்தானே நிறுத்து நான் காசு தந்தேன். அந்தக் காசை மட்டும் தாங்க ஐயா" என்றார். அப்பா இருபத்தைந்து சதம் கொடுத்தார். எண்ணிப் பார்த்து மடியில் செருகிக்கொண்டு போனார். உறுதியின் முதல் தாளில் இடது மூலையில் கோதுமை மாப் பசை காய்ந்த தடம் இப்போதும் இருக்கிறது. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் தடித்து, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். புரோக்கர் தம்பி ஒருமுறை உறுதியைப் பார்க்கக் கேட்டார். காட்டினேன். "அன்ரி, ஏதோ ஊத்துப்பட்டிருக்கு" என்றார். நான் பேசாமல் மடித்து வைத்தேன்.

இடது பக்கத்து வீட்டில் ஐரோப்பிய வழி வந்த பறங்கிப் பெண் ஒருவர் இருந்தார். பியானோ சொல்லிக் கொடுப்பவர். நத்தாருக்கு புரூடர் வரும், லவ் கேக் வரும். தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொங்கல் போகும். சவோய் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்க்க என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். சிங்களம் மட்டும் சட்டம் 1956இல் வந்ததிலிருந்தே பறங்கியர் ஒவ்வொரு குடும்பமாக அவுஸ்திரேலியா போய்க்கொண்டிருந்தார்கள். இவர்கள் 1974இல் போனார்கள். பியானோவை விற்றுவிட்டு, அதற்குரிய சுழல் ஸ்டூலை எனக்குத் தந்துவிட்டுப் போனார். இப்போது அதில் ரெலிபோன் இருக்கிறது.

வலது பக்கத்தில் ஓய்வு பெற்ற ரயில்வே கார்ட் ஒருவர், சிங்களவர். நாங்கள் அங்கிள் என்போம். கதை மிகக் குறைவு. பேரூந்து நிலையம், ரயில் நேரம், மழை, இவற்றைத் தவிர வேறொன்றும் கதைத்ததாக எனக்கு நினைவில்லை. 1983 ஜூலை 25, திங்கட்கிழமை காலை, காலி வீதிப் பக்கம் புகை எழும்பியபோது மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளைகளை இப்படிக் குடுங்கோ" என்றார். அவ்வளவுதான். மதிலுக்கு மேலாகவே என் இரண்டு பிள்ளைகளும், அம்மாவும், நானும் இறங்கினோம். அப்பாவும் என் கணவரும் பின்பக்கத்தால் வந்தார்கள். தேங்காய் போட்டு வைக்கும் சின்ன அறைக்குள் இரண்டு இரவு இருந்தோம். அவருடைய மனைவி அம்மாவுக்குத் தன்னுடைய ஹவுஸ்கோட் ஒன்றைக் கொடுத்து, பொட்டை அழிக்கச் சொன்னார். அம்மா கையால் அழிக்க மாட்டாமல் நின்றபோது, அந்த அம்மாவே தன் சேலைத் தலைப்பை நனைத்து மெதுவாகத் துடைத்துவிட்டார். துடைத்துவிட்டு இருவரும் அழுதார்கள்.

கூட்டம் ஒழுங்கைக்குள் வந்தபோது அங்கிள் பழைய யூனிஃபோர்ம் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் கேற்றுக்கு முன்னால் போய் நின்றார். இந்த வீடும் தன்னுடையதுதான், வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன், கை வைத்தால் நஷ்டம் எனக்கு என்று சொன்னார். யன்னல்கள் உடைந்தன, முன் அறைக் கதிரைகளை ரோட்டில் போட்டுக் கொளுத்தினார்கள். வீடு நின்றது. பிறகு முகாம், முகாமிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். அந்த எட்டு மாதமும் எங்கள் வளவில் இலை கூட்டியிருந்தது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பா நன்றி சொல்லப் போனபோது, "மழை வரும் போல" என்று அங்கிள் வானத்தைப் பார்த்தாராம்.

தொண்ணூறுகளில் முன் அறையை வாடகைக்கு விடத் தொடங்கினோம். வெள்ளவத்தையில் அப்போது முன் அறை வாடகைக்கு விடாத தமிழ் வீடு குறைவு. வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள், விசா அலுவலாக வந்தவர்கள், வருத்தம் பார்க்க வந்தவர்கள். யார் வந்தாலும் பொலிசில் பதிய வேண்டும். பதிவுத் துண்டைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் குத்தி வைத்திருப்பேன். நடுச்சாமத்தில் தட்டினால் முதலில் கை போகும் இடம் அந்த ஆணிதான்.

1994இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலைத் தாண்டி ஒரு பெடியன் வந்து சேர்ந்தான். பத்தொன்பது வயது. கனடா போக வேண்டும். ஏஜென்சிக்காரன் "அடுத்த கிழமை" என்று சொல்லியிருந்தான். அடுத்த கிழமை பதினான்கு மாதமாயிற்று. பையன் தினமும் காலையில் சூட்கேஸை அடுக்குவான், இரவு அவிழ்ப்பான். வெளியே போகப் பயம். எங்கள் வீட்டில் ஓடாமல் நின்ற இரண்டு மணிக்கூடு, தையல் மெஷின், ஒரு ரேடியோ எல்லாவற்றையும் திருத்தினான். திருத்த ஒன்றும் இல்லாமல் போனபோது, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மறுபடி பூட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. போன பிறகுதான் அறையைக் கூட்டும்போது கண்டேன், கதவு நிலையின் உட்பக்கம் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், ஒரு நாளைக்கு ஒன்று. ஐந்தாவது கோடு குறுக்கே. அதன் பிறகு வீட்டுக்கு நான்கு தடவை பெயின்ட் அடித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் பெயின்ட் பாஸிடம் சொல்லி அந்தச் சாண் அகலத்தை விடச் சொல்வேன்.

லொறி அண்ணை வந்தது 2003இல். முந்திய வருடம் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்திருந்தது. கண் ஆஸ்பத்திரியில் வெள்ளை எடுக்க வந்தவர். எழுபது தாண்டிய மனிதர், மலை மாதிரி உடம்பு. இளமையில் யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் ஏற்றிக்கொண்டு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்கு லொறி ஓட்டியவர். கட்டிலில் படுக்க மாட்டார். "தங்கச்சி, சுவருக்குள்ள நித்திரை வராது" என்று விறாந்தையில் பாயை விரித்துக்கொள்வார்.

ஒப்பரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணும் மங்கல். பேப்பர் வாசிக்க ஏலாது, ரிவி பார்க்க ஏலாது. பின்னேரங்களில் என் பேரனைப் பக்கத்தில் இருத்தி லொறி ஓட்டுவார். இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காற்றில் நிற்கும், வலது கால் தரையில் அழுந்தும். "ஆனையிறவு வந்திட்டுது, உப்புக் காத்து மணக்குதா? பரந்தன். கிளிநொச்சி. முறிகண்டி, இறங்கு இறங்கு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் ஒரு சில்லும் தாண்டாது. கச்சான் வாங்கினியா? ஏறு. மாங்குளம். வவுனியா, தேத்தண்ணி. மதவாச்சி. அநுராதபுரம், இதில பொலிஸ் நிப்பான், வேகத்தைக் குறை. புத்தளம், மறுபடி உப்பளம் பார்." சிலாபம், நீர்கொழும்பு என்று வந்து சேரும்போது ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். வளைவு வந்தால் உடம்பு சாயும், பேரனும் சாய்வான். பாதை பதினைந்து பதினாறு வருடமாக அவருக்கு இல்லாமல் இருந்தது. ஒரு மரம்கூட மறக்கவில்லை.

கட்டு அவிழ்த்து ஊருக்குப் போகும் அன்று, வாசலில் வான் வந்து நின்றதும் என்னிடம் ஒரு தேங்காய் கேட்டார். வானுக்கு முன்னால் எங்கள் கேற்றடியில் உடைத்தார். பாதி எனக்கு, பாதி டிரைவருக்கு. 2006இல் பாதை மறுபடி பூட்டினார்கள். அவரைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. இப்போதும் கேற்றடியில் தேங்காய்ச் சொட்டைக் கண்டால் நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிடும்.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸ் இல்லை. ஒழுங்கையைச் சுற்றி எழும்பியிருக்கும் பிளாட்களில் பம்ப் ஓடாமல் தண்ணீரும் இல்லை. ஒன்பதாவது மாடியில் விறகு அடுப்பு மூட்ட முடியுமா? எதிர் பிளாட்டில் இருந்து கைக்குழந்தையோடு ஒரு பிள்ளை வந்து, "அன்ரி, பாலுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வைக்கலாமா" என்று கேட்டதுதான் தொடக்கம். இரண்டு கிழமையில் பின் வளவில் அந்த மூன்று கல்லுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு அடுப்பு. கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊதுகுழல் பிடிக்கத் தெரியாது, நான்தான் காட்டிக் கொடுத்தேன். ஒரு அடுப்பில் சோறு, ஒன்றில் பருப்பு, ஒன்றில் யாருடையதோ பிரியாணி. ஐந்து வருடமாக லிஃப்டில் ஒன்றாக ஏறி இறங்கியவர்கள், பெயர் கேட்டுக்கொண்டது என் கிணற்றடியில். கடலோரம் நின்ற காய்ந்த வேலி மரம், உடைந்த அலுமாரிக் கதவு, எல்லாம் எரிந்தன. கடைசியில் ஜம்பு மரத்தின் ஒரு பெரிய கிளையையும் வெட்டினோம். அது மனதுக்கு நோவாகத்தான் இருந்தது. அடுத்த வருடமே அந்த இடத்தில் தளிர்த்தது.

அந்தக் கைக்குழந்தை இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். கேற்றைத் தன் இரண்டு கையாலும் தள்ளித் திறக்கப் பழகிவிட்டாள்.

கனடாப் பெடியனும் வந்தான், 2024 ஓகஸ்டில். தலை நரைத்திருந்தது. பதினாறு வயது மகளையும் கூட்டிவந்தான். எனக்கு ஒரு கம்பளிச் சால்வை, கொழும்பு வெக்கையில் என்ன செய்வது, ஆனாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மகளை முன் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவு நிலையைக் காட்டினேன். அவள் தரையில் குந்தி, நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். அவன் உள்ளே வரவில்லை. விறாந்தையில் அந்தப் பியானோ ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, நின்றுபோயிருந்த சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் பாண்காரரின் முச்சக்கர வண்டி பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. அது பேதோவனின் மெட்டு என்று எங்கள் பியானோ ரீச்சர்தான் அந்த நாளிலேயே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். வெளியே போய் நான்கு கிம்புலா பணிஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவன் மணிக்கூட்டைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்திருந்தான்.

"அன்ரி, சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒண்டு இருக்கா?" என்றான்.

உள்ளேயிருந்து மகள் இருநூறைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.