மூத்த பொறியாளர்கள் 3 பேர் ஒரே நேரத்தில் விலகுகிறார்கள்: பொறுப்பு கைமாற்ற உங்கள் யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. எங்களுடையது பெரிய டெக் நிறுவனம், 10 ஆண்டு அனுபவமுள்ள மூவருக்கும் வெளியே நல்ல வாய்ப்பு. அவர்கள் போவதில் தவறே இல்லை. சேரும்போது ஒதுக்கிய பங்குகள் பெரும்பாலும் 4 ஆண்டில் முழுதாகக் கைக்கு வந்துவிடும். பிறகு புதுப் பங்கு போதிய அளவு தராவிட்டால் மொத்த வருமானமே இறங்கும். அதனால் தடுத்து நிறுத்தும் வழி கேட்கவில்லை, கைமாற்றம் பற்றித்தான் கேட்கிறேன்.

முதல் வாரம், அவர்கள் சொந்தக் கணக்கில் ஓடும் எல்லாவற்றையும் பட்டியலிடுகிறோம்: கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை), ஏபிஐ டோக்கன் (ஒரு மென்பொருள் இன்னொன்றை அணுகும் சாவி), டொமைன் கணக்கு, இணையதளச் சான்றிதழ் காலாவதி மின்னஞ்சல் போகும் முகவரி. அதிகம் சறுக்குவது இங்கேதான். கணக்கை முடக்கியதும் இரவு 2 மணி பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிடும். ரீஸ்டோர் செய்யும் நாளில்தான் தெரியவரும். ஆகவே கடைசி நாளுக்கு 5 நாள் முன்பே அணுகலை நிறுத்திப் பார்க்கிறோம், ஆள் இருக்கும்போதே உடையட்டும். 2வது வாரம் முதல் ஆன்-கால் (கோளாறு வந்தால் உடனே கவனிக்கும் பொறுப்பு) புதியவர் கையில். மூத்தவர் பக்கத்தில் இருப்பார், கீபோர்டைத் தொடமாட்டார்.

சிக்கல் இதுதான்: கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாறு எது மாறியது என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. ஒரு டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு) 30 நொடிக்குப் பதில் 47 என்று இருந்தால், அந்தக் காரணத்தை எங்கே, எப்படி எழுதி வைக்கிறீர்கள்? வீடியோவாக எடுத்தால் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

விலகியவரோடு ஆலோசனை ஒப்பந்தம் போட்டவர்கள் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் வைத்தீர்கள்? புது நிறுவனம் பக்க வேலைக்கு அனுமதி மறுத்தால் என்ன செய்தீர்கள்? அதையும் எழுதுங்கள்.