காஞ்சி வீடு குழு: கவினின் பல்லி

சனிக்கிழமை

கவின்: அம்மா ஓகே சொல்லிவிட்டார்!!! அடுத்த சனி லெப்பர்ட் கெக்கோ வருகிறது

பாட்டி: பல்லியைக் காசு கொடுத்தா வாங்குவார்கள்? இங்கே ட்யூப் லைட்டுக்குப் பின்னால் நாலு இருக்கிறது, பிடித்துக்கொண்டு போ ராசா

செல்வி: இது சுவரில் ஏறாதாம் அம்மா. அதனால்தான் சரி என்றேன்

ஆர்த்தி: ஆமாம் அத்தை. இதற்கு விரலில் ஒட்டுகிற பட்டை கிடையாது. நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு, கண்ணை மூடித் தூங்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் கல்லுக்கு அடியில் வாழ்கிற இனம்

பாட்டி: தலையில் விழாதா? அப்படியென்றால் பலன் பார்க்கிற வேலை இல்லை

கவின்: 📷 36 அங்குலத் தொட்டி. ஒரு ஓரத்தில் அடியில் ஹீட் மேட் (சூடு தருகிற விரிப்பு) ஒட்டியாச்சு. அதன் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் 32 டிகிரி செல்சியஸ். எல்லாம் ரெடி

செல்வி: ஒரு ஓரத்துக்கு மட்டும் ஏன்? டொரன்டோ குளிருக்கு முழுத் தொட்டியும் சூடாக இருக்க வேண்டாமா?

ஆர்த்தி: வேண்டாம் அத்தை. அதன் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது. தின்றது செரிக்கக்கூட வெளிச்சூடு வேண்டும். அதற்காகச் சூடான பக்கம் வந்து படுக்கும், போதும் என்றால் மறுபக்கம் போகும். வற்றல் போடும்போது பாட்டி வெயிலுக்கும் திண்ணைக்கும் நடப்பாரே, அப்படி. மூன்றில் ஒரு பங்கு மேட் போதும். குளிர்ந்த பக்கம் 24, 25 இருக்கட்டும்

ஆர்த்தி: கவின், கண்ணாடியில் ஒட்டியிருக்கிற அந்த வட்ட மீட்டர் என்ன காட்டுகிறது?

கவின்: 23

ஆர்த்தி: அதைக் கழற்றிவிடு. அது காட்டுவது காற்றை, அதுவும் குத்துமதிப்பாக. பல்லியின் வயிறு படுவது தரையில். ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, மேட்டுக்கு நேர் மேலே உள்ளே தரையில் வைத்துப் பார்

ஞாயிறு

கவின்: அக்கா!! தரை 46!! தெர்மோஸ்டாட் 32தான்

ஆர்த்தி: முதலில் பிளக்கைப் பிடுங்கு. பல்லி இருந்திருந்தால் வயிறு வெந்திருக்கும்

செல்வி: புதுசு, அதற்குள் கெட்டுவிட்டதா? மாற்றித் தருவார்களா?

முருகன் மாமா: இரு செல்வி. கவின், தெர்மோஸ்டாட்டிலிருந்து போகிற சென்சார் ஒயரின் நுனியைப் படம் எடுத்துப் போடு

கவின்: 📷

முருகன் மாமா: நினைத்தேன். நுனி காற்றில் தொங்குகிறது. உங்கள் வீட்டுக் குளிரில் காற்று எங்கே 32 ஆவது? ‘இன்னும் சூடாகவில்லை’ என்று அது மேட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கெய்சர் சென்சாரை வெளியே இழுத்துப் போட்டதுபோல. பொருள் நல்ல பொருள், மாட்டினவன்தான் சரியில்லை 😄

ஆர்த்தி: அப்பா சொல்வதுதான். நுனியை வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து ஒட்டு. தொட்டிக்குள் மட்டும் டேப் வேண்டாம், பல்லித் தோல் ஒட்டிக் கிழியும். அப்புறம் உள்தரை 32 காட்டும்வரை திருகிக்கொண்டே வா. தெர்மோஸ்டாட்டில் என்ன எண் வந்தாலும் கவலையில்லை

முருகன் மாமா: தொட்டிக்கு அடியில் நாலு மூலையிலும் ரப்பர் கட்டை வை. மேட்டின் சூடு வெளியேற இடம் வேண்டும்

கவின்: மணல் பரப்பலாமா? ஒரு பை வாங்கிவிட்டோம்

ஆர்த்தி: கிச்சன் டவல் விரி போதும். பூச்சியைக் கவ்வும்போது மணலையும் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். ஒளிய மூன்று இடம் வேண்டும்: சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று, நடுவில் ஈரப் பாசி போட்ட டப்பா ஒன்று. அந்த ஈரம் இல்லாவிட்டால் தோல் உரிக்கும்போது விரல் நுனியில் சிக்கும், கவனிக்காமல் விட்டால் விரலே போகும்

செல்வி: பூச்சியைக் கவ்வும்போதா? டப்பா உணவு என்றுதானே சொன்னான்?

கவின்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: கவின்

ஆர்த்தி: உயிருள்ள கிரிக்கெட் பூச்சி அத்தை 🙈 கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும்

செல்வி: இன்னும் என்னென்ன சொல்லாமல் விட்டிருக்கிறான்?

ஆர்த்தி: நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும்

செல்வி: கவினுக்கு இப்போது 12. கல்லூரிக்குப் போனால் பூச்சி போடுவது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது

வெள்ளி

கவின்: நாலு நாளாக எழுதிவைத்தேன். சூட்டுப் பக்கம் 31 அல்லது 32. குளிர்ப் பக்கம் 24. நேற்று ராத்திரி 21

ஆர்த்தி: சபாஷ், இனி கூட்டி வரலாம். முதல் வாரம் கையில் எடுக்காதே, மிரண்டால் வாலை விட்டுவிடும். தொட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு

பாட்டி: நாளைக்கு வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வருகிறேன். பேர் வைத்தாச்சா?

கவின்: வரதன்

செல்வி: அது இருக்கட்டும், பேஸ்மென்ட்டில் அந்தப் பூச்சி டப்பாவின் மூடி ஏன் திறந்திருக்கிறது?